விளைவுக்குப் பணம்: எண்களை எப்படிப் படிப்பது?

பல ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒரு மாணவன் காலாண்டுத் தேர்வில் 9 மதிப்பெண் எடுத்திருந்தான். மாலை நேர வகுப்புக்கு ஒழுங்காக வந்தான். அரையாண்டில் 24 எடுத்தான். தேர்ச்சிக்கு 35 வேண்டும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் தயாராகும் நேரத்தில், "இவன் தேற மாட்டான், தனித்தேர்வராக எழுதச் சொல்லிவிடலாம்" என்று தலைமை ஆசிரியர் சொன்னார். முந்தைய மீளாய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டுக்காக எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்றவர் அவர். நானும் மறுத்துப் பேசவில்லை. அவனுடைய அப்பாவை அழைத்து நான்தான் விவரம் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று அவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஆண்டு எங்கள் பள்ளி 100 விழுக்காடு தேர்ச்சி பெற்றது. பாராட்டுச் சான்றிதழும் வந்தது. அவன் தனித்தேர்வராகவும் எழுதவில்லை.

அந்த 100 விழுக்காட்டைப் பற்றி நெடுநாள் யோசித்திருக்கிறேன். எண்ணில் பிழை ஒன்றும் இல்லை. பட்டியலில் இருந்த அத்தனை பேரும் தேறினார்கள். ஆனால் அந்த எண் எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை? பள்ளி, மருத்துவமனை, சிறை என எல்லாப் பொதுச் சேவைகளிலும் "விளைவைக் காட்டினால்தான் பணம்" என்ற திட்டங்கள் உலகெங்கும் நடந்து வருகின்றன. அவற்றின் வெற்றியையும் தோல்வியையும் அறிவிக்கும் எண்களை எப்படிப் படிப்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அளக்கப்படுபவர்களும் நாம்தான், பல நேரம் அளப்பவர்களும் நாம்தான்.

விளைவு என்றால் என்ன?

பொதுவாக அரசு, உள்ளீடுகளுக்குப் பணம் தருகிறது. கட்டடம், சம்பளம், பாடநூல் எல்லாம் உள்ளீடுகள். அவற்றைக் கொண்டு நாம் செய்து முடிக்கும் வேலை வெளியீடு. "40 ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்பது வெளியீடு. அந்தப் பயிற்சியால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பத்தியைத் தடையின்றி வாசிக்கிறது என்றால் அது விளைவு.

விளைவு சார்ந்த நிதித் திட்டத்தில் பணத்தின் முழுமையோ ஒரு பகுதியோ இந்தக் கடைசிப் படியோடு கட்டப்படுகிறது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. எத்தனை கூட்டம் நடத்தினீர்கள், எத்தனை பதிவேடு எழுதினீர்கள் என்று கேட்பதைவிட, பிள்ளைகள் கற்றார்களா என்று கேட்பது நல்ல கேள்விதான். வழிமுறையைக் களத்தில் இருப்பவரே தீர்மானிக்கலாம் என்ற சுதந்திரமும் இதில் உண்டு. விளைவைக் கேட்பதில் தவறில்லை. அதை எப்படி அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல் வருகிறது.

முப்பது ஆண்டுகள் நடந்த சோதனை

இந்த யோசனை புதியது அன்று. இங்கிலாந்தில் ராபர்ட் லோ என்பவர் கல்விப் பொறுப்பில் இருந்தபோது, 1862இல் பள்ளி மானிய விதிகள் திருத்தப்பட்டன. வருகைக்கு ஒரு தொகை. அதைவிடப் பெரிய தொகை, ஆய்வாளர் நடத்தும் தேர்வைப் பொறுத்தது. தேர்வுக்கு ஒரு குழந்தைக்கு 8 ஷில்லிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் எதில் குழந்தை தவறினாலும், அந்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு வெட்டப்படும்.

அடுத்து நடந்ததை நாமே ஊகித்துவிடலாம். பணம் தராத பாடங்கள் பின்னுக்குப் போயின. ஆய்வாளர் எந்த நூலிலிருந்து வாசிக்கச் சொல்வாரோ அந்த நூலையே பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள். கவிஞராகவும் அறியப்பட்ட மாத்யூ ஆர்னால்டு அப்போது பள்ளி ஆய்வாளராக இருந்தார். உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்குப் போடவோ தெரியாத குழந்தைகளைக்கூட, திறமையாகத் தயார் செய்து இந்தத் தேர்வில் தேறவைக்க முடிகிறது என்று அவர் தம் அறிக்கையில் எழுதினார். ஆனாலும் அந்த முறை 1890கள் வரை பல மாற்றங்களோடு நீடித்தது.

நம் சென்னை மாகாணத்துக்கும் இது வந்தது. தேர்வு முடிவுகளைக் கணக்கிட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கப்பட்டது. 1882இல் அமைக்கப்பட்ட ஹன்டர் குழு, திண்ணைப் பள்ளி போன்ற நாட்டு வழிப் பள்ளிகளுக்கு உதவ இம்முறையைப் பரிந்துரைத்தது. கர்சன் காலத்தில், 1904ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அதைக் கைவிட்டது.

இதில் நமக்கு முதல் பாடம் இருக்கிறது. எந்த எண்ணுக்குப் பணம் கொடுக்கிறோமோ அந்த எண் உயரவே செய்யும். அது உயர்ந்தது என்பதை மட்டும் வைத்துத் திட்டம் வென்றது என்று சொல்லிவிட முடியாது. பணத்தோடு கட்டப்படாத வேறு ஓர் அளவுகோலிலும் முன்னேற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒப்பிட யாரும் இல்லை என்றால்

அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தில் 2013இல் ஒரு முன்பருவக் கல்வித் திட்டம் தொடங்கியது. கோல்டுமேன் சாக்ஸ் நிறுவனம் முதலீடு செய்தது. பிற்காலத்தில் சிறப்புக் கல்வி தேவைப்படக்கூடிய குழந்தைகளை ஒரு சொல்வளத் தேர்வின் மூலம் முதலில் அடையாளம் காண்பார்கள். முன்பருவக் கல்விக்குப் பிறகு அவர்களில் எத்தனை பேருக்குச் சிறப்புக் கல்வி தேவைப்படவில்லையோ, அத்தனை பேருக்குமான செலவு மிச்சம் என்று கணக்கிட்டு முதலீட்டாளருக்குப் பணம் தருவார்கள்.

2015இல் முதல் முடிவு வந்தது. அடையாளம் காணப்பட்ட 110 குழந்தைகளில் ஒரே ஒரு குழந்தைக்குத்தான் சிறப்புக் கல்வி தேவைப்பட்டது. முதலீட்டாளருக்கு 2.6 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது.

99 விழுக்காடு வெற்றி! ஆனால் வல்லுநர்கள் எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். இந்தத் திட்டமே இல்லாதிருந்தால் அந்த 110 பேரில் எத்தனை பேருக்குச் சிறப்புக் கல்வி தேவைப்பட்டிருக்கும்? 110 பேருக்குமே தேவைப்பட்டிருக்கும் என்று கணக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு ஆதாரம் இல்லை. அந்தச் சொல்வளத் தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை அதில் குறைந்த மதிப்பெண் பெற்றிருக்கலாம். அது கற்றல் குறைபாடு ஆகாது. திட்டத்தில் சேராத, இதே நிலையில் உள்ள குழந்தைகளின் குழு ஒன்றை ஒப்பீட்டுக்கு வைக்கவும் இல்லை.

இதை நம் வகுப்பறையிலேயே காணலாம். முதல் தேர்வில் மிகக் குறைவாக எடுத்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்துச் சிறப்பு வகுப்பு வைக்கிறோம். அடுத்த தேர்வில் பெரும்பாலோர் மதிப்பெண் கூடியிருக்கும். இதில் சிறப்பு வகுப்பின் பங்கு எவ்வளவு? அந்தப் பத்துப் பேரில் ஒருவர் முதல் தேர்வைக் காய்ச்சலோடு எழுதியிருப்பார். இன்னொருவர் ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டு வந்து படிக்காமல் எழுதியிருப்பார். சிறப்பு வகுப்பே இல்லாவிட்டாலும் இவர்கள் அடுத்த முறை ஏறியிருப்பார்கள். கடைநிலையில் இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து முன்னும் பின்னும் அளந்தால் எந்தத் திட்டமும் ஓரளவு வெற்றி பெற்றதாகவே தெரியும். அதனால்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும் என்கிறோம்.

எதை எண்ணுகிறோம் என்பதும் முக்கியம்

இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் 2010இல் ஒரு திட்டம் தொடங்கியது. சமூகத் தாக்கப் பத்திரம் என்ற பெயரில் உலகில் நடந்த முதல் முயற்சி அதுதான். குறுகிய கால தண்டனை முடிந்து வெளியே செல்பவர்கள் மறுபடி குற்றம் செய்யாதபடி உதவுவது நோக்கம். முதலீட்டாளர்கள் பணம் போட்டார்கள். மறுகுற்றம் குறைந்தால் அரசு திருப்பித் தரும். நாட்டின் பிற சிறைகளிலிருந்து விடுதலையான, ஒத்த பின்னணி கொண்டவர்களோடு இவர்களை ஒப்பிட்டார்கள். முதல் குழுவில் மறுதண்டனைகள் 8.4 விழுக்காடு குறைந்திருந்தன. உடனடித் தொகைக்கு 10 விழுக்காடு குறைய வேண்டும் என்பது ஒப்பந்தம். எனவே அப்போது பணம் தரவில்லை. இரு குழுக்களையும் சேர்த்துப் பார்த்தபோது குறைவு 9 விழுக்காடு. அது மொத்த இலக்கான 7.5ஐத் தாண்டியதால் பணம் தரப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. "எத்தனை பேர் மறுபடி குற்றம் செய்தார்கள்" என்று அவர்கள் எண்ணவில்லை. "மொத்தம் எத்தனை முறை மறுதண்டனை விதிக்கப்பட்டது" என்று எண்ணினார்கள். முதல் முறையில் எண்ணினால், ஒருவர் ஒருமுறை தவறியதும் கணக்கில் அவர் முடிந்து போனவர். அவருக்கு மேற்கொண்டு உதவி என்ன பயன் என்று விட்டுவிடத் தோன்றும். இரண்டாம் முறையில், பத்து முறை தவறக்கூடியவர் ஐந்தோடு நிறுத்தினாலும் அது கணக்கில் சேரும். ஆகவே கடினமானவர்களோடு வேலை செய்வதற்கும் காரணம் இருக்கும்.

இதை வாசித்தபோது எனக்கு அந்த 9ம் 24ம்தான் நினைவுக்கு வந்தன. தேர்ச்சி, தோல்வி என்று மட்டும் எண்ணினால் 9ம் ஒன்றுதான், 24ம் ஒன்றுதான். அந்த ஆண்டு என் வகுப்பில் மிக அதிகம் முன்னேறியவன் அவன். எங்கள் கணக்கில் அவனுடைய 15 மதிப்பெண்ணுக்கு இடமே இல்லை.

பில்வாராவின் மூன்று ஆண்டுகள்

நம் நாட்டில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் நடந்தது. 2015 முதல் 2018 வரை, எஜுகேட் கேர்ள்ஸ் என்ற தொண்டு நிறுவனம் 166 அரசுப் பள்ளிகள் உள்ள கிராமங்களில் வேலை செய்தது. பள்ளிக்கு வராத சிறுமிகளைச் சேர்ப்பதும், 3 முதல் 5 வரையிலான வகுப்புப் பிள்ளைகளின் கற்றலை உயர்த்துவதும் இலக்குகள். யூபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முன்பணம் போட்டது. விளைவு வந்தால் அதற்குப் பணம் தர வேறோர் அறக்கட்டளை ஒப்புக்கொண்டது. அளவீட்டை இவர்கள் யாரையும் சாராத ஐடி இன்சைட் நிறுவனம் செய்தது. தொகையில் 80 விழுக்காடு கற்றலுக்கு, 20 விழுக்காடு சேர்க்கைக்கு.

இந்தி, ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் எழுத்து, சொல், பத்தி, கதை என்பது போன்ற படிநிலைகளில் குழந்தைகளைச் சோதித்தார்கள். எண்ணும் எழுத்தும் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நாம் பிரித்துப் பார்ப்பதற்கு நெருக்கமான முறை. ஒரு குழந்தை எழுத்திலிருந்து சொல்லுக்கு ஏறினாலும் ஒரு படி, பத்தியிலிருந்து கதைக்கு ஏறினாலும் ஒரு படி. எல்லாப் படிகளையும் கூட்டி, திட்டம் இல்லாத கிராமங்களின் முன்னேற்றத்தை அதிலிருந்து கழித்தார்கள். எந்தக் கிராமத்துக்குத் திட்டம், எதற்கு இல்லை என்பது குலுக்கல் முறையில் முடிவானது.

முதல் ஆண்டு முடிவில் மொத்தக் கற்றல் இலக்கில் 23 விழுக்காடுதான் எட்டப்பட்டது. இரண்டாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய 50. களப்பணியாளர்கள் எங்கே பின்தங்குகிறார்கள் என்று பார்த்து, குழந்தைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளைகளை வீட்டுக்குச் சென்று சந்தித்தார்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் இலக்கில் 160 விழுக்காடு எட்டப்பட்டது. பட்டியலில் இருந்த, பள்ளி செல்லாச் சிறுமிகளில் 92 விழுக்காட்டினர் சேர்க்கப்பட்டார்கள்.

பாராட்ட வேண்டிய வேலை இது. ஆயினும் மதிப்பிடும்போது மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, 160 என்பது இலக்கோடு ஒப்பிட்ட எண். இலக்கைத் தாழ்வாக வைத்தால் எந்த எண்ணும் பெரிதாகும். ஒப்பீட்டுக் கிராமங்களைவிடப் பிள்ளைகள் எவ்வளவு கூடுதலாகக் கற்றார்கள் என்பதே உண்மையான செய்தி. இரண்டு, கற்றலுக்கு ஒப்பீட்டுக் குழு இருந்தது, சேர்க்கைக்கு இல்லை. எனவே இரண்டு எண்களுக்கும் ஒரே அளவு நம்பகம் தர முடியாது. மூன்று, இந்தச் சோதனை "எஜுகேட் கேர்ள்ஸ் வேலையால் பயன் உண்டா?" என்ற கேள்விக்கு விடை தருகிறது. "விளைவுக்குப் பணம் என்ற ஏற்பாட்டால் பயன் உண்டா?" என்பது வேறு கேள்வி. இதே நிறுவனத்துக்கு வழக்கமான மானியமாகவே அந்தப் பணத்தைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இந்த ஒப்பீடு காட்டாது.

ஆசிரியருக்கே ஊக்கத்தொகை

அந்த மூன்றாவது கேள்விக்கு நெருங்கிப் போன ஆய்வு ஆந்திரப் பிரதேசத்தில் நடந்தது. 2005-06 கல்வியாண்டில் தொடங்கிய அதைக் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகியோர் நடத்தினர். 500 ஊரக அரசுத் தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் ஐந்தாகப் பிரித்தார்கள். 100 பள்ளிகளில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் தனித்தனியே, தம் மாணவர்களின் சராசரி முன்னேற்றத்துக்கு ஏற்ப ஊக்கத்தொகை. 100 பள்ளிகளில் அது பள்ளி முழுமைக்குமாக. 100 பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியர். 100 பள்ளிகளுக்குப் பொருள் வாங்க நிதி. மீதி 100 பள்ளிகள் ஒப்பீட்டுக்கு.

இரண்டு ஆண்டுகளின் முடிவில் ஊக்கத்தொகைப் பள்ளிகளின் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் ஒப்பீட்டுப் பள்ளிகளைவிட முன்னேறியிருந்தார்கள். கூடுதல் ஆசிரியரும் நிதியும் பெற்ற பள்ளிகளும் முன்னேறின, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ஊக்கத்தொகை இல்லாத அறிவியலிலும் சமூக அறிவியலிலும்கூட முன்னேற்றம் தெரிந்தது. தொகை பெரியதல்ல. சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 விழுக்காடு அளவுதான். ஆசிரியர்களின் வருகை கூடவில்லை. வந்த நாட்களில் வீட்டுப்பாடம், கூடுதல் வகுப்பு, பயிற்சித் தேர்வு ஆகியவை கூடின.

இதன் வடிவமைப்பு கவனமாக இருந்தது. தேர்ச்சிக் கோட்டை எண்ணாமல் முன்னேற்றத்தை எண்ணினார்கள். ஆண்டுத் தொடக்கத் தேர்வை எழுதிவிட்டு இறுதித் தேர்வுக்கு வராத குழந்தையைக் கணக்கிலிருந்து நீக்கவில்லை. முன்னேற்றம் இல்லை என்றே கணக்கிட்டார்கள். பலவீனமான பிள்ளையைத் தேர்வன்று வீட்டில் இருக்கச் சொல்வதால் யாருக்கும் ஆதாயம் இல்லை.

ஆனால் இதை வைத்து, ஊக்கத்தொகை எங்கும் பலிக்கும் என்று முடிவுக்கு வர முடியாது. 1990களின் இறுதியில் மேற்குக் கென்யாவில் 100 பள்ளிகளில் இதுபோன்ற சோதனை நடந்தது. பரிசு அறிவித்த பள்ளிகளில் மதிப்பெண் உயர்ந்தது. ஆசிரியர்களின் வருகையும் வீட்டுப்பாடமும் கூடவில்லை, தேர்வுத் தயாரிப்பு வகுப்புகள்தான் கூடின. திட்டம் நின்ற பிறகு அந்த முன்னேற்றமும் நிலைக்கவில்லை. நியூயார்க் நகரில் 2007 முதல் சில ஆண்டுகள் பள்ளி அளவில் ஊக்கத்தொகை தந்து பார்த்தார்கள். மாணவர் கற்றலில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் தெரியாததால் கைவிட்டார்கள்.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நாளை நம் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனமோ புதிய திட்டமோ "85 விழுக்காடு முன்னேற்றம்" என்ற அறிக்கையோடு வரலாம். வட்டார வளமையக் கூட்டத்திலும், நம் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்திலும் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

1. இது இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாரோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பீடு இல்லை என்றால் பாதிக் கதைதான் நம்மிடம் இருக்கிறது.

2. எண்ணும் அலகு எது? கோட்டைத் தாண்டியவர்களா, ஏறிய படிகளா? கோடு மட்டும் இருந்தால், அதற்கு அருகில் இருப்பவர்களுக்கே கவனம் போகும். மிகக் கீழே இருப்பவரும் மேலே இருப்பவரும் மறக்கப்படுவார்கள்.

3. தொடக்கத்தில் பட்டியலில் இருந்தவர்கள் அனைவரும் முடிவிலும் இருக்கிறார்களா? விழுக்காட்டைப் பார்க்கும் முன், அது எத்தனை பேரில் கணக்கிட்டது என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் 60 பேர், பத்தாம் வகுப்பில் தேர்வெழுதியவர் 51 பேர் என்றால், அந்த 9 பேர் எங்கே?

4. அளந்தவர் யார்? முடிவால் பணமோ பாராட்டோ பெறுபவரே அளந்தாரா? அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். அந்தச் சுமையை அவர்மேல் வைப்பது முறையல்ல.

5. பணத்தோடு கட்டப்படாதவை என்ன ஆயின? மற்றப் பாடங்கள், விளையாட்டு, நூலகப் பாடவேளை எல்லாம் எப்படி இருக்கின்றன? திட்டம் நின்று ஓராண்டு கழித்தும் பலன் நிற்கிறதா?

இவற்றோடு, அளப்பதற்கே ஆகும் செலவையும் சேர்க்க வேண்டும். சாராத அமைப்பு, ஒப்பீட்டுக் கிராமங்கள், ஆண்டுதோறும் சோதனை என எல்லாமே பணமும் நேரமும் கேட்பவை. ஒவ்வொரு சிறு திட்டத்துக்கும் இவ்வளவு தேவையில்லை. பெரிய அளவில் விரிக்கப்போகும் திட்டத்துக்கு, விரிக்கும் முன் இந்தச் செலவைச் செய்வது வீணாகாது.

நம் பதிவேட்டில் ஒரு பத்தி

இதற்கெல்லாம் மேலிடத்து ஆணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நான் இப்போது மதிப்பெண் பதிவேட்டில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறேன். முதல் தேர்விலிருந்து இந்தத் தேர்வு வரை ஒவ்வொருவரும் எவ்வளவு ஏறினார் அல்லது இறங்கினார் என்று அதில் எழுதுகிறேன். தேர்வுக்கு வராதவர் இடத்தில் கோடு போடுவதில்லை, காரணத்தை எழுதுகிறேன். பெற்றோர் கூட்டத்தில் முதல் மதிப்பெண்ணோடு, அதிகம் ஏறியவரின் பெயரையும் வாசிக்கிறேன். முதல் முறை அப்படி வாசித்தபோது, பெயர் அழைக்கப்பட்ட பெண்ணின் அம்மா வேறு யாரையோ அழைக்கிறார்கள் என்று நினைத்து உட்கார்ந்தே இருந்தார்.

பத்தாம் வகுப்பின் பெயர்ப் பட்டியல் தயாராகும்போது, ஒன்பதாம் வகுப்பின் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கிறேன். குறையும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் தெரிய வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

அந்த மாணவனை இரண்டு ஆண்டுகளுக்கு முன் பேருந்து நிலையம் அருகே ஒரு வெல்டிங் பட்டறையில் பார்த்தேன். வேலையை நிறுத்திவிட்டு "வணக்கம் சார்" என்று எழுந்து வந்தான். ஒரு கேட்டுக்குத் தேவையான கம்பியின் அளவை சாக்கட்டியால் தரையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சரியாகத்தான் போட்டிருந்தான்.